ஓட்டத்தை விட்டுவிட்டு சைக்கிளுக்கோ ஷட்டிலுக்கோ மாறிவிடலாமா?

கேட்டவருக்கு வயது 36. ஆறு மாதமாக ஓடுகிறார். மூச்சு வாங்குவது நின்றுவிட்டதால் தூரத்தைக் கூட்டினாராம்; இப்போது கணைக்கால் வலிக்கிறது. ஒரு நண்பர் சைக்கிள் வாங்கச் சொல்கிறார், இன்னொருவர் ஷட்டில் மட்டையோடு வாசலில் வந்து நிற்கிறார்.

எனக்கு 44. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மண்டி. எட்டரைக்குக் கடை திறந்தாக வேண்டும். இரவு எத்தனை மணிக்குப் பூட்டுவோம் என்பது சரக்கு லாரியைப் பொறுத்தது. நான் பயிற்சியாளனும் இல்லை, மருத்துவனும் இல்லை. நீங்கள் சொல்லும் மூன்றையும் செய்து மூன்றிலும் அடிபட்டவன், அவ்வளவுதான் தகுதி.

உங்கள் கதையில் ஒரு வரி என்னுடையது: மூச்சு வாங்கவில்லை, அதனால் கூட்டினேன். காந்தி விளையாட்டரங்கத்தில் ஓடத் தொடங்கியபோது 400 மீட்டர் சுற்றில் ஐந்து முடிப்பதற்குள் எனக்கு நாக்கு வெளியே தள்ளும். மூன்றாவது மாதம் இருபது சுற்று சர்வ சாதாரணமாகப் போனது. அந்த மிதப்பில் வாரத் தூரத்தை ஒரே மூச்சில் இரண்டு மடங்காக்கினேன். பத்தே நாளில் கணைக்கால் எலும்பின் உள்விளிம்பு நெடுக விண்விண்ணென்று வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியே சொல்லிவிடும்.

எலும்பு மருத்துவர் விளக்கிய பிறகுதான் கணக்குப் புரிந்தது. இதயமும் ரத்த ஓட்டமும் சில வாரங்களிலேயே புதிய வேலைக்குப் பழகிவிடுகின்றன. தசை அதற்கு அடுத்து. எலும்பு கடைசியில் வருகிறது. புதிய சுமை ஏறியதும் எலும்பு முதலில் தன் பழைய பகுதியைக் கரைக்கிறது. பிறகுதான் அந்த இடத்தில் புதிதாகக் கட்டுகிறது. கரைப்பதற்குச் சில வாரம் போதும், கட்டி முடித்துக் கெட்டிப்பட மூன்று நான்கு மாதம் ஆகும். சுவரை இடித்துக் கட்டிக்கொண்டிருக்கும் கிடங்கில் கூடுதலாக நூறு மூட்டை அடுக்கினால் என்ன ஆகும்? அதைத்தான் நான் செய்திருக்கிறேன். நீங்களும் அதையேதான் செய்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தப்பு ஓட்டத்தில் இல்லை, நாட்காட்டியில் இருக்கிறது.

ஓடக் கூடாது என்ற அந்த மாதங்களில்தான் ஷட்டிலுக்குப் போனேன். நல்ல விளையாட்டு, நல்ல கூட்டம், சிரிப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதை மெதுவாக ஆட முடியாது. ஓட்டத்தில் இன்று உடம்பு சரியில்லை என்றால் நடக்கிற வேகத்தில் ஓடிவிட்டு வரலாம், யாரும் கேட்கமாட்டார்கள். ஷட்டிலில் வலைக்கு அந்தப் பக்கம் ஒருவர் நிற்கிறார். நாம் எங்கே இல்லையோ அங்கேதான் அடிப்பார். நாள் முழுவதும் மண்டியில் நின்ற காலோடு போய், உடம்பு சூடாவதற்குள் பின்னால் பாய்ந்து ஒரு பந்தை எடுக்கப்போனேன். குதிகால் தசைநாரில் யாரோ கல்லால் எறிந்ததைப் போல இருந்தது. நல்லவேளை, அறுந்துபோகவில்லை. நடுவயதில் பொழுதுபோக்காக ஆடுகிறவர்களுக்கு அந்தத் தசைநார் அறுவது ஷட்டிலில் சகஜம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கூடவே, எட்டு மணி ஆட்டத்துக்கு நான் ஒன்பதுக்குப் போய் நிற்பதை மற்ற மூவரும் எத்தனை நாள் பொறுப்பார்கள்?

சைக்கிள் வேறு விதம். பழைய கியர் சைக்கிள் ஒன்று வாங்கினேன். அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம். அங்கிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்தில் கிளம்பி 1,500 மீட்டருக்குப் போக வேண்டும். முதல் முறை ஆறாவது வளைவிலேயே இறங்கித் தள்ளினேன். மேலே காற்றழுத்தமும் சேலத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு என்று என் தோல்விக்குக் காரணம் சொல்லிப் பார்த்தேன். ஆறாவது வளைவில் அது செல்லாது என்று மகள் சொல்லிவிட்டாள். போகப்போக ஏறினேன். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு காலில் இறங்குகிறது. மிதிக்கும்போது அந்த மோதலே கிடையாது. அதனால் வலியுள்ள காலோடும் இதயத்துக்கு முழு வேலை கொடுக்கலாம். ஆனால் மோதல் இல்லாததால் எலும்புக்குக் கெட்டிப்பட வேண்டிய தேவையும் இல்லை. வருடக்கணக்காகச் சாலைப் பந்தய சைக்கிள் மட்டுமே ஓட்டுகிறவர்களில் பலருக்கு எலும்பு அடர்த்தி குறைவாக இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

இது எனக்கு எப்படி உறைத்தது என்றால், ஆறு மாதம் சைக்கிள் மிதித்த திமிரில், அதிகாலை பஸ்ஸில் ஏற்காடு போய், ஏரியை ஒரு சுற்று சுற்றிவிட்டு, மலையில் இருந்து ஓடியே இறங்கினேன். சொர்க்கம். மூச்சு வாங்கவே இல்லை. வளைவுக்கு வளைவு எண் குறைந்துகொண்டே வந்தது. குரங்குகள் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. மறுநாள் தொடை கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, அவ்வளவுதான். அதற்கடுத்த நாள் கிடங்கில் இருந்து ஐந்து படி இறங்க முடியவில்லை. கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகத்தைக் கிடங்குப் பக்கம் திருப்பி, ஏணியில் இறங்குவதைப் போலப் பின்னால் பின்னால் இறங்கினேன். வெல்ல மூட்டை தூக்கிக்கொண்டிருந்த பையன், "அண்ணா, சாமிக்கு முதுகு காட்டக் கூடாது என்று வேண்டுதலா?" என்று கேட்டான்.

ஏறும்போது தொடைத்தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. நுண்ணிய கிழிசல்கள் இப்படித்தான் விழுகின்றன. வலி ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். சைக்கிளில் இந்த வேலையே கிடையாது. ஆக, என் இதயம் ஓட்டக்காரனுக்கு உரியது, கால் சைக்கிள்காரனுக்கு உரியது. ஒருமுறை இப்படி அடிவாங்கிய தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை ஓரளவு தாங்கிக்கொள்ளும் என்பது மட்டும் ஆறுதல்.

எங்கள் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு பள்ளியில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தவர். உடற்கல்வி ஆசிரியர்தான் அவரை உயரம் தாண்டுதல் பக்கம் திருப்பினார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். அந்த வயதில் பார்த்துச் சொல்ல ஒருவர் இருந்தார். நம் வயதில் நமக்கு எந்த விளையாட்டு வரும் என்று யாரும் பார்க்கப் போவதில்லை. அதனால் நான் கேட்டுக்கொண்டதெல்லாம் ஒன்றுதான்: எதை மோசமாகச் செய்தாலும் மறுநாளும் போக முடிகிறது? எனக்கு ஓட்டம். உங்களுக்கு ஷட்டிலாகவும் இருக்கலாம், நண்பர்கள் பொறுமைசாலிகளாக இருந்தால்.

உங்கள் இடத்தில் இருந்தால் நான் செய்வது இது. வலி ஒரே புள்ளியில், விரலால் அழுத்தினால் சுருக்கென்று இருந்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் இருந்தாலோ, ஓடுவதை அன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள். அது எலும்பில் விரிசலாக இருக்கலாம். நெடுக விரவிய வலி என்றால் இரண்டு மூன்று வாரம் நண்பரின் சைக்கிளை இரவல் வாங்குங்கள், புதிதாக வாங்காதீர்கள். பிறகு பாதித் தூரத்தில் தொடங்கி, பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில் போங்கள். மூச்சு எவ்வளவு கெஞ்சினாலும் மூன்று மாதம் அதே கதி. ஏப்ரல், மே மாதங்களில் சேலத்தில் காலை ஆறு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

இப்போது செவ்வாயும் வியாழனும் மூக்கனேரிக் கரையில் மெதுவோட்டம், வெள்ளி சைக்கிள். ஞாயிறு அடிவாரத்தில் இருந்து ஓட்டமும் நடையுமாக ஏறுகிறேன், இறங்குவது பஸ்ஸில். வியர்வை சொட்ட ஏறி உட்கார்ந்தால் நடத்துநர் இப்போதெல்லாம் எங்கே என்று கேட்பதில்லை. "அடிவாரம் ஒன்றுதானே?" என்று டிக்கெட்டைக் கிழித்து நீட்டிவிட்டு, ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்கிறார்.