கப்பைக் கழற்றத் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்

மென்ஸ்ட்ருவல் கப், அதாவது நாப்கினுக்குப் பதிலாக யோனிக்குள் வைத்து மாதவிடாய் ரத்தத்தைப் பிடிக்கிற மிருதுவான குட்டிக் கிண்ணம் பற்றி நிறையக் கடிதங்கள் சேர்ந்துவிட்டன, அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். எழுதியவர்களின் பெயர்களைப் போடவில்லை.

அக்கா, ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலை பார்க்கிறேன். காலையில் நின்றால் இரவு கடை மூடும்வரை நிற்க வேண்டும். பாத்ரூம் போவதற்குக்கூட சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுத்தான் போக முடியும். நாப்கின் உரசி உரசித் தொடை புண்ணாகிவிடுகிறது. தோழி சொன்னாள் என்று கப் வாங்கினேன். வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் போட்டுப் பார்த்தால் உள்ளேயே போகவில்லை. எனக்கு இது ஒத்துவராதா?
– வாசகி, கோவை

ஒத்துவரும். நீங்கள் தேர்ந்தெடுத்த நேரம்தான் சரியில்லை. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் யார் முயன்றாலும் அது உள்ளே போகாது, ஏனென்றால் பதற்றத்தில் அந்த இடத்துத் தசைகள் தானாகவே இறுகிக்கொள்ளும். வார விடுமுறை நாளாகப் பாருங்கள், வீட்டில் யாரும் கதவைத் தட்டாத நேரமாக இருக்கட்டும், ரத்தப்போக்கு நன்றாக இருக்கும் நாளாகவும் இருந்தால் இன்னும் நல்லது, உள்ளே ஈரம் இருப்பதால் சுலபமாகப் போகும். வெறுமனே பழகிப் பார்க்கலாம் என்று பீரியட்ஸ் இல்லாத நாளில் முயன்றால் வறட்சியால் எரியும்.

முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், நகம் வெட்டியிருக்க வேண்டும். கப் இல்லாமல் ஒரு விரலை மட்டும் உள்ளே விட்டுப் பாருங்கள். கடைசியில் மூக்கு நுனியைத் தொடுவது போல உருண்டையாக, கொஞ்சம் கெட்டியாக ஒன்று தட்டுப்படும், அதுதான் கர்ப்பப்பை வாய். விரல் பாதி போவதற்குள் அது தட்டுப்பட்டால் உங்களுக்கு நீளம் குறைந்த கப்தான் வசதி. முழு விரலும் போன பிறகும் எட்டவில்லை என்றால் நீளமானது வேண்டும். டப்பாவில் வயதையும் பிரசவத்தையும் வைத்து சின்னது, பெரியது என்று பிரித்திருப்பார்கள், அது ஒரு தோராயக் கணக்குதான். அளவு பொருந்தாத கப்பை வாங்கிவிட்டு தன் உடம்பைத்தான் பலர் குறை சொல்லிக்கொள்கிறார்கள்.

மடிப்பதில், கப்பின் விளிம்பில் ஓர் இடத்தை விரலால் உள்பக்கமாக அழுத்தி, அடிவரை இறக்கிப் பிடிக்கிற மடிப்பு புதியவர்களுக்கு நல்லது, நுனி கூர்மையாகக் கிடைக்கும். கப்பைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டாலே போதும், தேங்காய் எண்ணெய் வேண்டாம். குந்தி உட்கார்ந்து, நேர் மேலே தள்ளாமல் முதுகெலும்பின் அடிப்பக்கம் நோக்கிச் சாய்வாகத் தள்ளுங்கள். விட்டதும் விரிந்துகொள்ளும். அடிப்பாகத்தைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள், பள்ளம் தட்டுப்பட்டால் முழுதாக விரியவில்லை என்று அர்த்தம், லேசாகச் சுழற்றிவிடுங்கள். கசிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பழக இரண்டு மூன்று பீரியட்ஸ் ஆகலாம், அதுவரை வேலைக்குப் போகும்போது ஒரு துணி பேடையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். 2019-ல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் 43 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து ஒரு கட்டுரை வந்தது. பழகிய பிறகு கப்பில் கசிவு மற்றவற்றைவிட அதிகமில்லை, அதே அளவுதான் அல்லது குறைவு என்பது அதில் தெரிந்தது. பழகிய பிறகு என்பதை மறந்துவிடாதீர்கள்.

பழகிவிட்டால் உங்கள் மாதிரி வேலைக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. சாதாரணப் போக்கு உள்ளவர்கள் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம்வரை வைத்திருக்கலாம் (உங்கள் கப்பின் அட்டையில் எட்டு என்று போட்டிருந்தால் எட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்). அதிகம் போகிற நாளில் நடுவில் ஒரு முறை கொட்ட வேண்டியிருக்கும். அப்போது பாத்ரூமுக்குள் போவதற்கு முன்பே கை கழுவிக்கொள்ளுங்கள், ஒரு பாட்டில் தண்ணீர் கையில் இருக்கட்டும். அப்புறம் இன்னொன்று, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் திருத்தியாகிவிட்டது. கப் வந்துவிட்டது என்பதற்காக நாள் முழுக்க நிற்பதும் பாத்ரூமுக்கு அனுமதி கேட்பதும் நியாயமாகிவிடாது.

அக்கா, ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறேன். போன மாதம் முதல்முறை கப் போட்டேன், சுலபமாகப் போய்விட்டது. எடுக்கும்போதுதான் உயிர் போய்விட்டது. கப்பின் அடியில் இருக்கிற காம்பைப் பிடித்து இழுக்க இழுக்க வலிதான் வந்தது, கப் வரவில்லை. உள்ளேயே எங்காவது போய்விடுமோ என்று அழுதுவிட்டேன். ரொம்ப நேரம் கழித்து எப்படியோ வந்தது. இனிமேல் தொடவே பயமாக இருக்கிறது.
– வாசகி, தஞ்சாவூர்

அழுகை வரத்தான் செய்யும் தங்கச்சி. போடுவதற்கு ஆயிரம் வீடியோ இருக்கிறது, எடுப்பதைப் பற்றிக் கடைசியில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால் எடுக்கத்தான் முதலில் கற்றுக்கொடுக்க வேண்டும்.

முதலில் அந்தப் பெரிய பயத்தைப் போக்கிவிடுகிறேன். கப் எங்கேயும் போகாது, போகவும் முடியாது. யோனியின் மேல்முனையில் கர்ப்பப்பை வாய் இருக்கிறது, அதன் துளை மிகச் சிறியது, ரத்தம் கசிந்து வருவதற்கு மட்டும்தான் போதும். கப் மேலே ஏறினாலும் அந்தச் சில அங்குலத்துக்குள்ளேதான் இருக்கும்.

ஏன் வரவில்லை என்றால், விரிந்த கப் சுவரோடு ஒட்டி ஒரு வெற்றிடப் பிடிப்பை உண்டாக்கிவிடுகிறது. அந்தப் பிடிப்பை விடுவிக்காமல் காம்பை இழுத்தால் உள்ளே இருக்கிற தசையையும் சேர்த்து இழுக்கிறீர்கள், வலி அதனால்தான். காம்பு இருப்பது கப் எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கு, இழுப்பதற்கு இல்லை.

இப்படிச் செய்யுங்கள். கை கழுவிவிட்டுக் குந்தி உட்காருங்கள், இந்தியன் டாய்லெட் இதற்கு ரொம்ப வசதி. மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டே மலம் கழிக்க முக்குவது போல லேசாக முக்குங்கள், கப் தானாகக் கீழே இறங்கும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காம்பைத் தாண்டி விட்டு, கப்பின் அடிப்பாகத்தை நசுக்கிப் பிடியுங்கள். காற்று உள்ளே போகிற சின்னச் சத்தம் கேட்கலாம், இல்லையென்றால் பிடிப்பு தளர்ந்தது விரலுக்கே தெரியும். அப்படியும் தளரவில்லை என்றால் ஒரு விரலைக் கப்பின் பக்கவாட்டில் மேலே கொண்டுபோய் விளிம்பை உள்பக்கமாக அழுத்துங்கள். பிறகு நேராக இழுக்காமல் சாய்த்து, விளிம்பின் ஒரு பக்கம் வெளியே வந்ததும் மறுபக்கத்தைக் கொண்டுவாருங்கள். கப்பின் வாய்தான் அகலமான பாகம் என்பதால் அந்த ஒரு நொடி இறுக்கமாகத்தான் இருக்கும்.

வரவில்லையா, விட்டுவிடுங்கள். எழுந்து தண்ணீர் குடியுங்கள், நடங்கள், அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். பயத்தோடு தொடர்ந்து முயன்றால் இன்னும் இறுகிக்கொள்ளும். பன்னிரண்டு மணி நேரம் தாண்டியும் முடியவில்லை என்றால் பெண் டாக்டரிடம் போங்கள், அவர்களுக்கு இது சில நிமிட வேலை, வெட்கப்பட ஒன்றுமில்லை. அடுத்த முறை எட்டு மணி நேரம் வைத்திருக்காமல், போட்ட ஒரு மணி நேரத்திலேயே எடுத்துப் பழகுங்கள்.

என் மகளுக்கு 17 வயது. கப் வேண்டும் என்கிறாள். கல்யாணமாகாத பெண் இதையெல்லாம் பயன்படுத்தலாமா? எங்கள் காலத்தில் இல்லாத புதுப்பழக்கமாக இருக்கிறதே?
– ஒரு தாய், விருதுநகர்

பயன்படுத்தலாம் அம்மா. கன்னிச்சவ்வு என்பது வாசலை மூடிய கதவு இல்லை, நடுவில் இடைவெளி விட்டு ஓரத்தில் இருக்கிற மெல்லிய சதை, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். கப் போட்டால் அது விரியலாம், கிழியவும் கிழியலாம், அதற்கும் ஒழுக்கத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதைப் பார்த்து ஒரு பெண்ணைப் பற்றி எதையும் சொல்லிவிட முடியாது என்பதுதான் மருத்துவம் சொல்வது. பழக்கமும் புதிதில்லை. அமெரிக்காவில் லியோனா சால்மர்ஸ் என்ற பெண் 1937-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். பக்கத்துக் கேரளாவில் கும்பளங்கி என்ற ஊராட்சியில் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு இலவசமாகக் கப் கொடுத்து, 2022 ஜனவரியில் அதை நாப்கின் இல்லாத ஊராட்சி என்று அறிவித்தார்கள்.

மகளே கேட்கிறாள் என்பது நல்ல விஷயம். சிறிய அளவில், மிருதுவானதாக வாங்கிக்கொடுங்கள். அவள் முயன்றுவிட்டு வேண்டாம் என்றால் அதையும் விட்டுவிடுங்கள். விரல்நுனிகூட உள்ளே போகாத அளவு வலித்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

காப்பர்-டி போட்டிருக்கிறேன். கப் வைக்கலாமா?
– வாசகி, திருநெல்வேலி

உங்களுக்குக் காப்பர்-டி போட்ட இடத்தில் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். கப்பை எடுக்கும்போது பிடிப்பை விடுவிக்காமல் இழுத்தாலோ, காப்பர்-டியிலிருந்து யோனிக்குள் தொங்கும் நூல் விரலில் மாட்டினாலோ காப்பர்-டி நகர்ந்து வெளியே வந்துவிட வாய்ப்பு இருக்கிறது. நூலின் நீளத்தைப் பார்த்துக் கத்தரித்துவிடச் சொல்லலாம், அதற்குப் பிறகும் மாதாமாதம் நூல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். பிரசவமாகி ஆறு வாரம் ஆகாதவர்கள், கர்ப்பப்பை இறக்கம் உள்ளவர்கள் இவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

கூட்டுக் குடும்பம். சமையலறையில் வைத்துக் கொதிக்க விட்டால் மாமியார் என்ன சொல்வாரோ என்று இருக்கிறது. எங்கள் போர் தண்ணீரில் கொதிக்க வைத்தால் வெள்ளையாகவும் படிகிறது.
– வாசகி, சென்னை

இதற்கென்று ஒரு சின்ன எவர்சில்வர் சொம்பைத் தனியாக எடுத்துவைத்துவிடுங்கள், பீரியட்ஸ் முடிந்ததும் ஒரு முறை கொதிக்க வைத்தால் போதும், தினமும் வேண்டாம். கப் முழுக மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி ஐந்து முதல் பத்து நிமிடம், பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வற்றிக் கப் அடியில் ஒட்டினால் கெட்டுப்போய்விடும். பழைய ஸ்டீல் டீ வடிகட்டிக்குள் கப்பை வைத்து இறக்கினால் அடியைத் தொடாது.

அதற்கு முன்னால் விளிம்புக்குக் கீழே இருக்கிற குட்டித் துளைகளைப் பாருங்கள். அவை அடைத்துக்கொண்டால் எடுக்கும்போது பிடிப்பு விடாது. கப் நிறையத் தண்ணீர் பிடித்து, வாயை உள்ளங்கையால் மூடி நசுக்குங்கள், துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடித்தால் சுத்தமாகிவிட்டது. வெள்ளைப் படிவு போர் தண்ணீரின் உப்புதான், உடம்புக்குக் கெடுதல் இல்லை. கேன் தண்ணீரில் கொதிக்க வைத்தால் படியாது. நன்றாக உலர்த்தித் துணிப்பையில் வையுங்கள், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா வேண்டாம்.

மாமியாரைப் பொறுத்தவரை, மறைத்துச் செய்வதைவிட ஒரு நாள் கப்பைக் கையில் கொடுத்துக் காட்டிவிடுவது சுலபம் என்று நினைக்கிறேன். துணி துவைத்து, யார் கண்ணிலும் படாமல் புடவைக்கு அடியில் காயப்போட்ட தலைமுறை அவர்கள்.