மனைவியையும் ஏற்றினால் ஒழுங்கைக் குழிகளில் பைக்கின் பின்பக்கம் அடிக்கிறது. சொக் (அதிர்வுதாங்கி) மாற்ற வேண்டுமா?

உடனே மாற்றாதீர்கள், முதலில் அளந்து பாருங்கள். நடு ஸ்டாண்டில் பின்சில்லு தரையில் படாமல் நிற்கும்போது, அச்சிலிருந்து நேர் மேலே சீற்றின் விளிம்பு வரை அளவெடுங்கள். பிறகு இருவரும் ஏறியிருக்க, இன்னொருவர் அதையே அளக்கட்டும். சில்லு மொத்தம் 100 மில்லிமீற்றர் அசையும் என்றால், வித்தியாசம் 30 அளவில் இருப்பது நல்லது. கூடினால் சொக்கின் அடியில் ஸ்பிரிங்கைத் தாங்கும் படிவளையத்தை ஏற்றுங்கள், இரு பக்கமும் ஒரே படி. இதனால் ஸ்பிரிங் கடினமாகாது, பின்பக்க உயரம்தான் கூடும். பலர் இதைத்தான் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள்.

கடைசிப் படியிலும் தாழ்ந்தால் இருவரின் பாரத்துக்கு ஸ்பிரிங் போதாது. எண்ணெய் கசிந்தாலோ, குழி தாண்டியும் துள்ளிக்கொண்டிருந்தாலோ சோடியாகவே மாற்றுங்கள், பழைய நீளத்திலேயே. அப்புறம், பருத்தித்துறை வீதியில் தனியாக ஓடும் நாளில் படியை இறக்கிவிடுங்கள், இடுப்பு பாவம்.