ஆன்டி-ஸ்டேட்டிக் ஸ்ட்ராப் (நிலை மின்சாரத்தைக் கடத்திவிடும் மணிக்கட்டுப் பட்டை) கட்டாமல் கணினியில் ராம் மாட்டிவிட்டேன், நிலை மின்சாரத்தால் கெட்டுப்போயிருக்குமா?

கணினி ஆன் ஆகி, மாட்டிய ராம் முழு அளவும் காட்டுகிறதென்றால் போய்த் தூங்குங்கள். மனசு கேட்கவில்லையா, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளைப் போட்டு ஓர் இரவு ஓடவிடுங்கள். பிழை ஒன்றும் வரவில்லையென்றால் அந்த ராமை மறந்துவிடலாம்.

பயமே வீண் என்று சொல்லமாட்டேன். காய்ந்த காற்றில் கார்ப்பெட் மேல் நடந்தால் உடம்பில் பல ஆயிரம் வோல்ட் ஏறும். விரல் நுனியில் சுருக்கென்று உறைப்பதற்கே சுமார் 3000 வோல்ட் வேண்டும். சிப்புக்குள் மின்காப்பாக இருக்கும் ஆக்சைடு படலம் சில நானோமீட்டர் தடிமன்தான், அது கிழிய அவ்வளவெல்லாம் தேவையில்லை. ஆக, நமக்குத் தெரியாமலே அடி விழலாம். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் சிப் செய்கிறவர்களுக்கும் இது தெரியுமே! அதிக மின்னழுத்தத்தைத் திருப்பிவிட, பின்களில் பாதுகாப்பு டயோடுகள் வைக்கிறார்கள். மனித உடம்புக்குப் பதிலாக 100 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் ஏற்றி, அதை 1500 ஓம் வழியாகப் பாய்ச்சி, மனிதக் கை பட்டால் தாங்குமா என்று சோதித்தும் பார்க்கிறார்கள். உடனே சாகாமல் உள்காயம் பட்டுப் பிறகு படுத்துக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு. அதை வீட்டில் கண்டுபிடிக்க வழியில்லை, எனவே அதை நினைத்துக் குமைவதில் பயனும் இல்லை.

அடுத்த முறைக்கு ஒன்றே ஒன்று. மின்னழுத்தத்தைத் தண்ணீர் மட்டம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தொட்டியிலும் ஒரே மட்டம் என்றால் எதுவும் பாயாது. பாகத்தைத் தொடும் முன் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொடுங்கள். நடுவில் எழுந்து போய் வந்தால் மறுபடி தொடுங்கள். புது ராமை உறையோடு கேபினெட்டில் ஒருமுறை வைத்துவிட்டு, அப்புறம் வெளியே எடுங்கள். ஓரத்தைப் பிடித்தால் போதும், தங்க நிறக் காலில் விரல் வேண்டாம். ஸ்ட்ராப் இருந்தால் நல்லதுதான்; 1 மெகாஓம் ரெசிஸ்டர் உள்ளதாகப் பாருங்கள், தவறி மின்சாரம் பட்டாலும் உங்கள் உயிரைக் காப்பது அதுதான். சும்மா ஒயரைக் கையில் சுற்றி எர்த்தில் சொருகாதீர்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ராமை நானே கொன்றிருக்கிறேன். ரொம்ப நாள் "ஸ்டேட்டிக்ல போச்சு" என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கௌரவமான காரணம் பாருங்கள். உண்மையில் ஷட்டௌன் மட்டும் செய்துவிட்டு, பிளக்கைப் பிடுங்காமலே ராமை உருவியிருக்கிறேன். மதர்போர்டில் சின்ன விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஷட்டௌன் ஆனாலும் பவர் சப்ளையிலிருந்து 5 வோல்ட் ஸ்டாண்ட்பை (காத்திருப்பு) மின்சாரம் வந்துகொண்டுதான் இருக்கும். அதன் பிறகு நான் பார்த்த 'செத்த' போர்டுகளிலும் பெரும்பாலும் வளைந்த சாக்கெட் பின், சரியாக உட்காராத ராம், அடியில் விழுந்து கிடந்த ஸ்க்ரூ, இவைதான் குற்றவாளிகள்.

தூசி தட்ட வீட்டு வேக்குவம் கிளீனரை உள்ளே விடாதீர்கள், அதன் பிளாஸ்டிக் முனையில் ஸ்டேட்டிக் நன்றாகவே சேரும். அப்புறம், போர்டு வந்த வெள்ளி நிற ஆன்டி-ஸ்டேட்டிக் உறை மேல் மதர்போர்டை வைத்து ஆன் செய்து பார்க்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அந்த உறையில் உலோகப் படலம் இருக்கிறது, ஷார்ட் ஆகலாம். வந்த அட்டைப் பெட்டி மேலேயே வைக்கலாம்.