குசினிக்காரர் பதில்கள்

(கப்பல்களில் எனக்குக் கீழும் மேலும் வேலை செய்தவர்களில் பாதிக்கு மேல் பிலிப்பினோக்கள் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள். ஆகவே இந்த முறை பிலிப்பைன்ஸ் மட்டும். மற்றக் கேள்விக்காரர்கள், பல்வலிக்கு மருந்து கேட்டவர் உட்பட, அடுத்த இதழ்வரை பொறுக்கவும். நான் சமையற்காரன் என்பதையும் அந்தப் பல்வலிக்காரர் நினைவில் வைக்கவும்.)

கேள்வி: ஐயா, நான் குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தவள். அதே வீட்டில் இருந்த பிலிப்பினோப் பெண்ணுக்கு என்னைவிடச் சம்பளம் அதிகம். வேலை இரண்டு பேருக்கும் ஒன்றுதான். இது ஏன்?
— வாசகி, மூதூர்

பதில்: அவளுக்கு ஆங்கிலம் தெரியும், அதனால்தான் என்று பலர் சொல்வார்கள், தங்கச்சி. அது கால்வாசி உண்மை. மிச்சம், அவளுக்காக அவளுடைய அரசு விலை பேசியது. வீட்டு வேலைக்கு வெளிநாடு போகும் பெண்ணுக்கு மாதம் 400 அமெரிக்க டொலருக்குக் குறையக்கூடாது, அவளிடம் ஏஜென்சி தரகுப் பணம் வாங்கக்கூடாது, பயிற்சி இல்லாமல் அனுப்பக்கூடாது என்று 2006 இறுதியில் மணிலாவில் விதி போட்டார்கள். எல்லா முதலாளியும் அதை மதித்தான் என்று நான் சொல்லமாட்டேன். ஒப்பந்தத்தில் ஒரு தொகை, அங்கே போய் இறங்கியதும் வேறு தாளில் வேறு தொகை என்ற கதையை என் கப்பல் நண்பர்களின் மனைவிமாரே சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் பேரம் 400இல் தொடங்கியது. நம்முடைய பேரம் எங்கே தொடங்கியது என்று உங்களுக்குத் தெரியும்.

அரசு தானாக இரக்கப்பட்டுச் செய்த வேலை இல்லை இது. 1995 மார்ச்சில் ஃபுளோர் கொன்தெம்பிளாசியோன் என்ற பணிப்பெண்ணைச் சிங்கப்பூரில் தூக்கிலிட்டார்கள். பிலிப்பைன்ஸ் முழுக்கத் தெருவில் இறங்கியது, வெளியுறவு அமைச்சர் பதவி விலகினார், அதே ஆண்டு ஜூனில் வெளிநாட்டுத் தொழிலாளருக்கென்று தனிச் சட்டம் வந்தது. 2018இல் நீங்கள் வேலை செய்த அதே குவைத்தில் ஒரு பிலிப்பினோப் பெண்ணின் உடல் குளிர்ப்பெட்டிக்குள் இருந்து எடுக்கப்பட்டது. உடனே ஆள் அனுப்புவதை நிறுத்தினார்கள். மே மாதம், பாஸ்போர்ட்டையும் கைத்தொலைபேசியையும் பணிப்பெண்ணே வைத்திருக்கலாம் என்று குவைத்திடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் கதவு திறந்தது.

மூதூரில் இருந்து எழுதுகிறீர்கள், சவூதியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட உங்கள் ஊர்ப் பணிப்பெண் றிசானாவைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2013 ஜனவரியில் நாமும் அழுதோம். அதன்பின் இங்கே என்ன வந்தது? போகும் பெண்ணின் வயதெல்லையை உயர்த்தினார்கள், பிள்ளை இருக்கிறதா, யார் பார்ப்பார்கள் என்று குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டார்கள். அங்கேயும் வயதெல்லை உண்டு. ஆனால் அவர்கள் முதலாளியையும் ஏஜென்சியையும் கட்டிப்போடப் பார்த்தார்கள். நாம் தாயைக் கட்டிப்போட்டோம்.

கேள்வி: எங்கள் விடுதிக்குப் பத்துப் பிலிப்பினோக்கள் நான்கு நாள் தங்க வருகிறார்கள். என்ன சமைத்துக் கொடுப்பது? வெறும் பீட்சா போதுமா?
— விடுதிக்காரர், நிலாவெளி

பதில்: பீட்சாவா? கடலை முன்னால் வைத்துக்கொண்டு இப்படிக் கேட்கலாமா தம்பி? சோறு போடுங்கள். காலை, மதியம், இரவு, மூன்று வேளையும். வெள்ளை அரிசி, கொஞ்சம் குழைவாக. நம் சிவப்புக் குத்தரிசி அவர்களுக்குப் பிடிபடாது.

காலைக்கு, இரவு மிஞ்சிய சோற்றை நிறைய உள்ளியோடு எண்ணெயில் வதக்குங்கள். பக்கத்தில் பொரித்த முட்டை, பொரித்த சாளைக் கருவாடு, ஒரு சின்னக் கோப்பையில் வினாகிரி. கருவாட்டை வினாகிரியில் தொட்டுச் சாப்பிடுவார்கள். எங்கள் கப்பலில் கருவாடு பொரிக்கும் நாளில் நோர்வேக்காரக் கப்டன் தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்வார், மாலுமிகள் சமையலறை வாசலில் நிற்பார்கள்.

மதியத்துக்கு சினிகாங். புளித்தண்ணீரில் மீனோ இறாலோ போட்டு, முள்ளங்கி, வெண்டிக்காய், கத்தரிக்காய், கங்குன், தக்காளி சேர்த்து அவிக்கும் சாறு. மசாலா இல்லை, தாளிப்பு இல்லை, தேங்காய்ப்பாலும் இல்லை. புளிக்குப் பதில் பிலிங்காயும் போடுவார்கள், உங்கள் வளவில் மரம் நின்றால் அதையே போடுங்கள். வாய் கூசும் அளவுக்குப் புளிக்க வேண்டும்.

இரவுக்கு அடோபோ. கோழியில் செய்யலாம், ஆனால் நிலாவெளியில் கணவாயில் செய்யுங்கள், அதன் மையைக் கழுவி ஊற்றாமல். உள்ளி, முழு மிளகு, சோயா சோஸ், வினாகிரி, பிரிஞ்சி இலை, அவ்வளவுதான். இரண்டு விஷயம் மட்டும் கவனம். வினாகிரி தென்னங்கள்ளில் செய்ததாக இருக்கட்டும், கடையில் மலிவாக விற்கும் செயற்கை வினாகிரி கறியைக் கெடுக்கும். வினாகிரி விட்டதும் கொதித்து அடங்கும்வரை கிண்டக்கூடாது, கிண்டினால் பச்சை வாடை போகாது என்பது எனக்கு இதைச் சொல்லித்தந்த போசனின், அதாவது தள மாலுமிகளின் மேஸ்திரியின், கட்டளை. அவர் ஈலோய்லோக்காரர், வாயில் எப்போதும் ஒரு பல்லுக்குச்சி.

உறைப்பைத் தனியாக வையுங்கள். பத்துப் பேரில் யாராவது பிக்கோல் பகுதிக்காரர் இருந்தால் மட்டும் தேங்காய்ப்பாலும் கொச்சிக்காயும் போட்டு ஒரு கறி வைக்கலாம், நம் ஊர்க் கறிபோலச் சாப்பிடுவார். மேசையில் கரண்டியும் முள்ளும் வேண்டும், கத்தி வேண்டாம். வலக்கையில் கரண்டி, இடக்கை முள்ளால் சோற்றைக் கரண்டிக்குள் தள்ளுவார்கள். பிறந்தநாள்காரர் யாரும் இருந்தால் நூடுல்ஸ் கட்டாயம், நீளமான நூடுல்ஸ் நீண்ட ஆயுளுக்கு. வெட்டிவிடாதீர்கள்.

கேள்வி: குஞ்சு வளர்ந்த வாத்து முட்டையைத் தின்பார்களாமே, நீங்கள் தின்றீர்களா?
— மாணவன், தம்பலகாமம்

பதில்: தின்றேன். முதலில் ஓட்டை உடைத்துச் சாறைக் குடிக்க வேண்டும், பிறகு உப்பு. வெளிச்சத்தில் தின்னாதே, தெருவிளக்கு இல்லாத மூலையாகப் பார்.

கேள்வி: அங்கே பஸ் எப்படி? நம் கந்தளாய் பஸ் போல நசுங்கிப் போக வேண்டுமா?
— வாசகர், சீனக்குடா

பதில்: நசுங்குவதில் குறைவில்லை. ஆனால் ஜீப்னி என்று ஒன்று இருக்கிறது, அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். உலகப்போர் முடிந்து அமெரிக்கர்கள் விட்டுப்போன ஜீப்புகளை மணிலாக்காரர்கள் நீட்டி, கூரை போட்டு, இரண்டு பக்கமும் நீள ஆசனம் வைத்து, பின்னால் ஏறுகிற வண்டியாக்கினார்கள். கண்டக்டர் பெரும்பாலும் கிடையாது. கடைசியில் இருப்பவர் காசைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுப்பார், அது கைமாறிக் கைமாறி சாரதியிடம் போகும். மிச்சக்காசும் அதே வழியில் திரும்பி வரும். சாரதி ஒரு கையால் வண்டி ஓட்டி, மறு கையால் சில்லறை எண்ணி, யார் கொடுத்தது, யார் கொடுக்கவில்லை என்றும் மனதில் வைத்திருப்பார். முன்பின் தெரியாத எட்டுக் கைகளைத் தாண்டிப் போன என் காசு ஒருநாளும் குறைந்து வந்ததில்லை. இதை மத்திய வீதியில் வைத்துச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

சாரதிக்குச் சம்பளம் இல்லை. வண்டிக்காரருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டு, டீசலும் அடித்து, மிஞ்சுவதுதான் அவருக்கு. நம் ஓட்டோவை வாடகைக்கு எடுத்து ஓடும் பையன்களுக்கு இது விளங்கும். 2017இல் இருந்து அரசு பழைய வண்டிகளை மாற்றச் சொல்கிறது. புதிய வண்டி 20 இலட்சம் பேசோவுக்கு மேல், தனியாக வைத்திருக்க முடியாது, கூட்டுறவில் சேர வேண்டும். புகையைக் குறைக்க வேண்டியதுதான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் 2023இல் குறைந்த கட்டணம் 13 பேசோ ஆனது. 13 பேசோவாகச் சேர்த்து 20 இலட்சம் கடன் எப்படிக் கட்டுவது என்று சாரதிகள் வேலைநிறுத்தம் செய்து கேட்டார்கள். கேட்டதால்தான் காலக்கெடு மறுபடி மறுபடி தள்ளிப்போனது.

கேள்வி: ஆட்கள் உயரமில்லை, பிறகு ஏன் கூடைப்பந்தில் இவ்வளவு பைத்தியம்?
— விளையாட்டு ஆசிரியர், கிண்ணியா

பதில்: அமெரிக்கர்கள் பள்ளிக்கூடத்தோடு கொண்டுவந்து இறக்கிய விளையாட்டு. ஆசியாவின் முதல் தொழில்முறைக் கூடைப்பந்து லீக் 1975இல் அங்கேதான் தொடங்கியது. உயரத்தைப் பற்றி அவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். பந்து கொடுத்து மைதானத்துக்கு அனுப்பினார்கள். மேற்கொண்டு சொல்வதற்கில்லை.

கேள்வி: அங்கே கிராம சேவகர் இருக்கிறாரா? ஒரு கையெழுத்துக்கு எத்தனை நாள்?
— வாசகர், குச்சவெளி

பதில்: கிராம சேவகருக்குச் சமமான இடத்தில் பரங்காய் கப்டன் இருக்கிறார். பரங்காய் என்பது அங்கே ஆகச் சின்ன ஊர்ப் பிரிவு. பெரிய வித்தியாசம், அவரை ஊரே வாக்குப் போட்டுத் தெரிவுசெய்கிறது. நாடு முழுக்க ஏறத்தாழ 42,000 பரங்காய்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கப்டன், ஏழு உறுப்பினர், அதோடு இளைஞர் சபைத் தலைவர் ஒருவர். அந்த இளைஞர் சபைக்கு 15 வயதுப் பிள்ளையும் வாக்களிக்கலாம்.

எனக்குப் பிடித்தது அவர்களின் பிணக்குத் தீர்க்கும் முறை. அயலவனின் சேவல், வேலி, நடுச்சாமக் கரோக்கே, கைமாற்றுக் கடன் என்று வந்தால் நேரே நீதிமன்றம் போக முடியாது. முதலில் பரங்காயில் உட்கார வேண்டும். சட்டத்தரணி உள்ளே வரக்கூடாது, இரண்டு பேரும் தாங்களே வந்து தங்கள் வாயால் பேச வேண்டும். நம் நாட்டிலும் 1988 சட்டப்படி மத்தியஸ்த சபை உண்டு, ஆனால் அது ஒழுங்கைக்குள் இல்லை.

கையெழுத்து அன்றே கிடைக்கும், கப்டன் உங்கள் ஆளாக இருந்தால். கப்டனின் மருமகனுக்கு வேலை, தேர்தலுக்கு முதல் நாள் அரிசிப் பொதி, இதெல்லாம் அங்கேயும் தாராளம். தேர்தலையும் பலமுறை ஒத்திவைத்து 2023 அக்டோபரில்தான் நடத்தினார்கள். அதே 2023இல் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலை 2025 மே மாதம் நடத்திய நாட்டில் இருந்துகொண்டு நான் சிரிக்க மாட்டேன்.

கேள்வி: நத்தாருக்கு என்ன விசேஷம்?
— வாசகி, பாலையூற்று

பதில்: செப்டெம்பரில் தொடங்கிவிடுவார்கள். உண்மையாகத்தான், கடையில் நத்தார்ப் பாட்டு அப்போதே ஓடும். டிசம்பர் 16 முதல் 24 வரை விடியுமுன் பூசை. பூசை முடிந்து வெளியே வந்தால் கோயில் வாசலில் மூங்கில் குழல்களில் ஆவி பறக்கும். உள்ளே ஊதா நிறத்தில் ஒட்டரிசி மா. குழலைத் தட்டி வாழையிலையில் விழுத்தி, மார்ஜரின் பூசி, தேங்காய்ப்பூவும் கரும்புச் சர்க்கரையும் தூவித் தருவார்கள். கண்ணை மூடிக்கொண்டு தின்றால் அது குழல்புட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரம்.

கேள்வி: நமக்கும் அவர்களுக்கும் பழைய தொடர்பு ஏதும் உண்டா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருகோணமலை நகர்

பதில்: உங்களுக்குத் தெரிந்த திகதியிலேயே தொடங்குகிறேன், சேர். 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பான் விமானங்கள் நம் துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் குண்டு போட்டன. அதே நாள் பிலிப்பைன்ஸில் பத்தான் குடாநாடு ஜப்பானியரிடம் வீழ்ந்தது. சரணடைந்தவர்கள் ஏறத்தாழ 75,000 பேர், பெரும்பாலோர் பிலிப்பினோக்கள். அவர்களைச் சோறு தண்ணீர் இல்லாமல் நூறு கிலோமீற்றர் அளவுக்கு நடக்கவிட்டார்கள், வழியில் விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கில். அங்கே ஏப்ரல் 9 பொது விடுமுறை. இங்கே சீனக்குடாவில் எரிந்த எண்ணெய்த் தாங்கியைக் காட்ட வழிகாட்டி தேட வேண்டும்.

அதற்கு முந்தியும் ஒன்று உண்டு. 1762இல் ஆங்கிலேயர் மணிலாவைப் பிடித்தபோது படை புறப்பட்டது சென்னையில் இருந்து. 1764இல் திரும்பியபோது சிப்பாய்களில் சிலர் கப்பலேறவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே கைந்தா என்ற ஊரில் பெண் எடுத்துத் தங்கிவிட்டார்கள். கொஞ்சம் கறுத்த கைந்தாக்காரரைக் கண்டால் இன்றும் அங்கே அந்தச் சிப்பாய்க் கதையைச் சொல்வார்கள்.

கேள்வி: மகனுக்குக் கப்பல் வேலை எடுத்துத் தர ஒருவர் ஏழு இலட்சம் கேட்கிறார். பிலிப்பினோக்களும் இப்படிக் கட்டித்தான் போகிறார்களாம். உண்மையா?
— ஒரு தாய், உப்புவெளி

பதில்: அம்மா, மணிலாவில் கலாவ் வீதி ஓரத்தில் மரநிழலில் கப்பல்காரருக்கென்றே ஒரு சந்தை இருக்கிறது. ஏஜென்சிக்காரர்கள் என்ன பதவிக்கு ஆள் தேவை என்று அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பையன்கள் சான்றிதழ்க் கோப்போடு ஒவ்வொருவரிடமும் போவார்கள். அங்கேயும் ஏமாற்று உண்டு. வேலை தருவதாகச் சொல்லிப் பயிற்சி முடித்த பையன்களை ஏஜென்சியில் தேநீர் ஊற்றவும் வாகனம் கழுவவும் மாதக்கணக்கில் சும்மா வைத்திருப்பார்கள். ஆனால் கடற்தொழிலாளர் பற்றிய 2006ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை தெளிவாகச் சொல்கிறது, வேலை எடுத்துத் தருவதற்காக மாலுமியிடம் பணம் வாங்கக்கூடாது. மருத்துவச் சான்றிதழ், மாலுமிப் புத்தகம், பாஸ்போர்ட், இந்த மூன்றின் செலவு மட்டும் அவன் தலையில் விழலாம். விசாச் செலவு கூடக் கப்பல்காரனுடையது. அந்த உடன்படிக்கை நடைமுறைக்கு வரத் தேவையான 30ஆவது ஒப்புதல் 2012 ஓகஸ்டில் பிலிப்பைன்ஸ் கொடுத்தது. மாலுமியின் அடிப்படைச் சம்பளத்தில் 80 வீதம் வீட்டுக்கு வந்து சேர வேண்டும் என்றும் அவர்களின் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும்.

பயிற்சிக் கட்டணம் வேறு, அதைப் பயிற்சி நிலையத்தில் நீங்களே கட்டிப் பற்றுச்சீட்டு எடுக்கலாம். அந்த ஏழு இலட்சக்காரரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள், பற்றுச்சீட்டில் “கப்பல் வேலை பெற்றுத்தருவதற்கான கட்டணம்” என்று எழுதி முத்திரை குத்தித் தருவாரா என்று. தரமாட்டார். மகனைக் கூட்டிக்கொண்டு எழும்பி வாருங்கள்.