மாமாவின் பழைய நிக்கான் டி40-ஐ வாங்கிக்கொள்வதா, பாக்கெட் கேமரா வாங்குவதா?

கேள்வி: "மாமா தன்னுடைய பழைய நிக்கான் டி40-ஐ 18-55 லென்ஸோடு சும்மாவே தருகிறேன் என்கிறார். இன்னொரு பக்கம் செகண்ட் ஹேண்டில் ஒரு கேனான் எஸ்95 கிடைக்கிறது. கோயில், வீட்டு விசேஷம், ஊர் சுற்றல், இவ்வளவுதான் என் தேவை. எதை எடுப்பது? பெரிய கேமரா என்றால் படம் கட்டாயம் நன்றாக வருமா?"

இந்த இரண்டும் என்னிடம் இருக்கின்றன. டி40-ஐ 2009இல் வாங்கினேன், எஸ்95-ஐ அதற்கு இரண்டு வருடம் கழித்து. இரண்டையும் ஒரே பையில் போட்டு அலைந்த காலமும் உண்டு. அதனால் கேட்டதும் எழுதத் தோன்றியது.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கட்டாயம் ஒன்றும் கிடையாது. மாமா தரும் அந்த 18-55 லென்ஸோடு மட்டும் வைத்துப் பார்த்தால், உங்கள் தேவைகளில் பாதிக்கு மேல் அந்தச் சின்னக் கேமராவே போதும். சில இடங்களில் அதுதான் நன்றாகவே எடுக்கும். இதைச் சொன்னால் டிஎஸ்எல்ஆர் (டி40 மாதிரி லென்ஸ் மாற்றக்கூடிய பெரிய கேமரா) வைத்திருக்கும் நண்பர்களுக்குக் கோபம் வருகிறது, ஆனால் கணக்கு அப்படித்தான் இருக்கிறது.

டி40 2006 நவம்பரில் அறிவிக்கப்பட்டது, 6 மெகாபிக்சல். எஸ்95 2010இல் வந்தது, 10 மெகாபிக்சல். இந்த எண்களை மறந்துவிடுங்கள். டி40-இன் 6 மெகாபிக்சலே 12க்கு 8 அங்குலப் பிரிண்டுக்குத் தாராளம். பார்க்க வேண்டியது சென்சாரின், அதாவது உள்ளே வெளிச்சத்தைப் பிடிக்கும் சில்லின், அளவு. டி40-இல் அது 23.7க்கு 15.6 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு தபால்தலை. எஸ்95-இல் ஏறக்குறைய 7.5க்கு 5.6 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கும். பரப்பளவில் ஒன்பது மடங்கு வித்தியாசம். மழைத் தண்ணீர் பிடிக்க முற்றத்தில் ஒருவர் அண்டா வைக்கிறார், இன்னொருவர் டம்ளர் வைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்டாதான் ஜெயிக்கும், சந்தேகமில்லை.

ஆனால் அந்த அண்டாவின் வாயைத் தட்டு போட்டு முக்கால்வாசி மூடிவிட்டால்?

கிட் லென்ஸ், அதாவது கேமராவோடு சேர்த்தே தரும் அந்த 18-55, செய்வது அதைத்தான். எஃப் என்பது லென்ஸ் துவாரத்தின் அளவு, எண் குறையக் குறையத் துவாரம் பெரிசு. 18-55 லென்ஸ் அகலக் கோணத்தில் (ஜூம் செய்யாமல்) எஃப் 3.5 வரைதான் திறக்கும், ஜூம் செய்தால் 5.6-க்குச் சுருங்கிவிடும். எஸ்95-இன் லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப் 2. ஒரே பரப்பில் மூன்று மடங்கு வெளிச்சம் விழும். ஒன்பது மடங்கு லாபத்தில் இப்படி ஒரு பங்கு கழிகிறது. போதாததற்கு, எஸ்95 லென்ஸுக்குள் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி உண்டு. டி40-ஓடு வந்த 18-55-இல் அது கிடையாது. லென்ஸின் மேல் 'விஆர்' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால் மாமா பிற்பாடு மாற்றியிருக்கிறார் என்று அர்த்தம், உங்களுக்கு அதிர்ஷ்டம்.

தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? மண்டபத் தூண்களில் உள்ளங்கை அளவுக்கு, சில இடங்களில் அதைவிடச் சின்னதாக, கட்டம் கட்டமாகச் சிற்பங்கள் இருக்கும். வெயில் சாயும் நேரத்தில் உள் தூண்களில் வெளிச்சம் ரொம்பக் குறைவு. அந்த மாதிரி இடத்தில் எஸ்95-இல் எஃப் 2, 1/15 விநாடி, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன், கூட்டினால் படத்தில் சொரசொரப்பு வரும்) 200 வைத்துக் கையில் பிடித்தே எடுத்துவிடலாம், ஆடாது. அதே வெளிச்சத்தில் டி40-ஐக் கிட் லென்ஸோடு கையில் பிடித்து எடுக்க வேண்டுமானால் எஃப் 3.5, 1/40 விநாடி, அப்படியானால் ஐஎஸ்ஓ 1600. டி40-இல் இதற்கு மேல் ஒரே ஒரு படிதான் பாக்கி. படம் மோசமாக இருக்காது, ஆனால் கல்லின் சொரசொரப்பும் படத்தின் சொரசொரப்பும் ஒன்றோடொன்று கலந்துவிடும். அண்டாவும் டம்ளரும் ஏறக்குறைய ஒரே அளவு தண்ணீரோடு வீட்டுக்குள் வருகின்றன.

அப்புறம் கிட்டப் போகும் விஷயம். எஸ்95-ஐ ஜூம் செய்யாமல் வைத்தால் 5 சென்டிமீட்டர் வரை கிட்டப் போய் ஃபோகஸ் செய்யும். 18-55-க்குக் குறைந்தது 28 சென்டிமீட்டர் வேண்டும். அதோடு சென்சார் சின்னதாக இருப்பதால் முன்னும் பின்னும் நிறைய தூரம் கூர்மையாகக் கிடைக்கும். இதை எல்லாரும் குறை என்பார்கள், பின்னணி மங்கலாக வராது என்று. கல்வெட்டு எடுக்கிறவனுக்கு இது வரம். வளைந்த தூணில் எழுத்து முழுக்கத் தெளிவாக வேண்டும் என்றால் டி40-இல் எஃப் 8, 11 என்று துவாரத்தைச் சுருக்க வேண்டும், வெளிச்சம் இன்னும் குறையும், உடனே ஸ்டாண்ட் வேண்டும். கோயிலில் ஸ்டாண்டை விரித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஸ்டாண்டே வேண்டாம், ஒரு கோயிலில் டி40-ஐக் கழுத்தில் மாட்டியிருந்ததைப் பார்த்ததுமே "பர்மிஷன் இருக்கா சார்?" என்று ஒருவர் ஓடிவந்தார். எனக்கு இரண்டடி தள்ளி நின்று ஒருவர் செல்போனில் வீடியோவே எடுத்துக்கொண்டிருந்தார், அவரை யாரும் கேட்கவில்லை. எஸ்95 வைத்திருந்த நாட்களில் என்னையும் யாரும் கேட்டதில்லை.

இவ்வளவு சொன்னதால் டி40-ஐ வேண்டாம் என்கிறேன் என்று நினைக்காதீர்கள். சிற்பம் ஆடாது, அசையாது. மனிதர்கள் அப்படி இல்லை.

அக்கா மகள் நடக்கப் பழகிய நாட்களில் அவளை எஸ்95-இல் எடுக்க முயன்றேன். பட்டனை அழுத்துவேன், கேமரா முன்னும் பின்னும் லென்ஸை நகர்த்தித் தேடும், படம் விழும்போது ஃபிரேமில் வெறும் தரைதான் இருக்கும், அல்லது ஓடிப்போன பாவாடையின் ஓரம். பழைய பாக்கெட் கேமராக்கள் பெரும்பாலும் சென்சாரில் விழும் படத்தைப் பார்த்து, எங்கே கூர்மை அதிகம் என்று தடவித் தடவித்தான் ஃபோகஸ் பிடிக்கும். வெளிச்சம் குறைந்தால் தடவல் கூடும். டிஎஸ்எல்ஆரில் இதற்கென்றே தனி சென்சார் இருக்கிறது. லென்ஸ் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்பதை அது ஒரே பார்வையில் கணித்துவிடும். டி40-இல் மொத்தமே மூன்று ஃபோகஸ் புள்ளிகள்தான், இன்றைக்குச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனாலும் நடுப்புள்ளியை மட்டும் நம்பி எடுத்தால், ஓடும் குழந்தையைப் பிடிப்பதில் எஸ்95 அதன் பக்கத்தில் வர முடியாது.

கை நடுக்க வசதியும் இங்கே உதவாது. அது நம் கையைத்தான் நிறுத்தும், குழந்தையை நிறுத்தாது. நிறுத்த வேண்டுமானால் வேகமான ஷட்டர் வேண்டும், அதற்கு வெளிச்சம் வேண்டும், அதற்கு அந்தத் தட்டை எடுத்துவிட்டு அண்டாவின் வாயைத் திறக்க வேண்டும். அதாவது வேறு லென்ஸ்.

இந்த இடத்தில் நான் ஒரு தப்பு செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். 50 எம்எம் எஃப் 1.8 டி லென்ஸ் மலிவாகக் கிடைத்தது என்று பழைய சாமான் கடையில் ஆசையாக வாங்கிவந்தேன். மாட்டினேன், பட்டனை அழுத்தினேன், லென்ஸ் அசையவே இல்லை. பழுது என்று நினைத்து மறுநாள் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். அவர் அதே லென்ஸை வேறொரு பாடியில் மாட்டிக் காட்டினார், சர்ரென்று ஓடியது. விஷயம் என்னவென்றால் டி40-இன் பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸுக்குள் மோட்டார் இருந்தால்தான் தானாக ஃபோகஸ் ஆகும். நிக்கானில் 'ஏஎஃப்-எஸ்' என்று போட்டிருக்கும் லென்ஸ்கள் அந்த வகை. வெறும் 'ஏஎஃப்' என்றால் கையால் திருப்ப வேண்டியதுதான். கடைக்காரரிடம் அசடு வழிந்துவிட்டு, ஆறு மாதம் அதையே வைத்து ஓட்டினேன். வ்யூஃபைண்டரின் ஓரத்தில் ஃபோகஸ் சரியானதும் ஒரு பச்சைப் புள்ளி எரியும், அதைப் பார்த்துப் பார்த்துத் திருப்புவேன். பாட்டியை எடுக்க முடிந்தது, பேத்தியை எடுக்க முடியவில்லை.

பிறகு 35 எம்எம் எஃப் 1.8 ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் வாங்கினேன். 2009இல் வந்த லென்ஸ், டி40 மாதிரி கேமராக்களுக்கென்றே செய்தது போல இருக்கும். அன்றைக்குத்தான் டி40 எதற்கு இருக்கிறது என்று புரிந்தது. உறவில் ஒரு கல்யாணம், முதல்நாள் இரவு மருதாணி வைத்துக்கொண்டிருந்தார்கள், ஹாலில் ஒரு டியூப்லைட் மட்டும். ஃப்ளாஷ் போடாமல் ஐஎஸ்ஓ 800, எஃப் 2. பின்னால் இருந்த பாத்திர மூட்டையும் பாய்ச் சுருளும் மங்கிப்போய், கையை நீட்டிக்கொண்டு தூங்கி வழியும் பெண்ணின் முகம் மட்டும் தெளிவாக வந்தது. எஸ்95-இல் என்னதான் செய்தாலும் அந்த மூட்டையும் படத்தில் இருந்திருக்கும்.

வெயிலிலும் டி40-க்கு ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. பொதுவாக டிஎஸ்எல்ஆர்களில் ஃப்ளாஷ் போட்டால் ஷட்டர் 1/200 அல்லது 1/250-க்கு மேல் போகாது. டி40-இல் 1/500 வரை போகும், உச்சி வெயிலுக்கு அந்த வேகம் வேண்டும். பொங்கல் அன்று உச்சி வெயிலில் முற்றத்தில் நிற்க வைத்து எடுக்கிறீர்கள், கண்ணெல்லாம் குழியாகக் கறுத்துவிடுகிறது இல்லையா, அங்கே ஃப்ளாஷைத் தூக்கிவிட்டு எடுத்தால் முகம் தெளிந்துவிடும். அதே வெயிலில் எஸ்95-இன் திரையில் ஒன்றும் தெரியாது, அதற்கு வ்யூஃபைண்டரும் கிடையாது. குத்துமதிப்பாகத்தான் அழுத்த வேண்டும். இன்னொரு சின்ன விஷயம்: எஸ்95-இன் முழுப்படம் 4:3 வடிவம். 4க்கு 6 பிரிண்ட் போடும்போது மேலேயோ கீழேயோ வெட்டுவார்கள், குரூப் போட்டோவில் யாராவது ஒருவரின் பாதம் போய்விடும்.

எடைக்கு வருவோம். டி40, கிட் லென்ஸ், பேட்டரி எல்லாம் சேர்ந்து 700 கிராமைத் தாண்டும். எஸ்95 200 கிராமுக்குள், சட்டைப் பையில் நுழையும். அலமாரியைத் திறந்து எதைக் கையில் எடுப்போம் என்பதில் இந்த அரைக் கிலோவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. என் கம்ப்யூட்டரில் பழைய ஃபோல்டர்களைப் பார்த்தால், பஸ் பயணம், டீக்கடை, மழை நாள் எல்லாம் எஸ்95 எடுத்தவை. டி40 எடுத்ததெல்லாம் 'இன்று படம் எடுக்கப் போகிறோம்' என்று முடிவு செய்து கிளம்பிய நாட்கள். பேட்டரியில் மட்டும் பெரியவர் தாராளம், ஒரு சார்ஜில் 470 படம் என்பது நிக்கானின் கணக்கு. எஸ்95 200 படத்தில் கை விரித்துவிடும், ஒரு பேட்டரி கூடுதலாக வாங்கியே ஆக வேண்டும்.

இப்போது இளவட்டங்கள் 'சிசிடி கலர்' என்று பழைய டிஜிட்டல் கேமராக்களைத் தேடி வாங்குகிறார்கள். உங்கள் இரண்டிலும் அந்தப் பழைய வகை சிசிடி சென்சார்தான், அதனால் அந்தச் சண்டையில் நீங்கள் சேர வேண்டாம். என் கருத்தில் அந்த நிறத்துக்குக் காரணம் சென்சாரை விட, அந்தக் காலத்து ஜேபெக் நிறங்களைக் கம்பெனிகள் அமைத்த விதம்தான். இரண்டு கேமராவும் ரா ஃபைல் (கேமரா நிறம் அமைக்காத மூலப் பதிவு) தரும், நீங்களே எடுத்து மாற்றிப் பாருங்கள்.

போன் இருக்கும்போது இரண்டுமே எதற்கு என்று யாராவது பின்னூட்டத்தில் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இருட்டில் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கும் இன்றைய நல்ல போன், அசையாத விஷயங்களில் எஸ்95-ஐத் தோற்கடித்துவிடும். அதனால் கையில் நல்ல போன் இருந்தால் எஸ்95-க்குக் காசு கொடுப்பதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். போனால் இன்னும் சரியாகச் செய்ய முடியாதது, மங்கலான அறையில் அசையும் மனிதர்களை, முடி ஓரத்தில் பிசிறில்லாமல் பிரித்துக் காட்டுவது. அதை டி40-உம் 35 எம்எம்மும் செய்யும்.

ஆகவே மாமாவிடம் வாங்கிக்கொள்ளுங்கள், எஸ்95-க்கு வைத்திருந்த பணத்தில் பழைய 35 எம்எம் தேடுங்கள். அந்த லென்ஸ் வாங்க மனமில்லை, கிட் லென்ஸே போதும், போனும் சுமார்தான் என்றால் எஸ்95 வாங்குங்கள்.

வாங்கப் போகும்போது லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை போல நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை. நம் ஊர் ஈரக்காற்றில் வருடக்கணக்காகப் பையிலேயே கிடந்த லென்ஸுக்கு இது சகஜம். அதை மற்ற லென்ஸ்களோடு வைக்காதீர்கள். எஃப் 16-இல் வைத்து வானத்தை ஒரு படம் எடுத்தால் சென்சாரில் இருக்கும் தூசி கறுப்புப் புள்ளியாகத் தெரியும். டி40-க்குத் தானாகத் தூசி தட்டும் வசதி கிடையாது. ரப்பர் ப்ளோயரால் ஊதினாலே பெரும்பாலும் போய்விடும், வாயால் மட்டும் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். அப்புறம் கார்டு: 32 ஜிபி வரைதான். 64 ஜிபி கார்டைப் போட்டுவிட்டு, கேமரா கெட்டுவிட்டது என்று மாமாவுக்குப் போன் செய்யாதீர்கள்.