பூட்டினால் படுத்துவிடும் நாம்பனை எப்படிப் பழக்குவது? எனக்குப் பொறுமை போதவில்லை

உங்கள் நாம்பன், அதாவது இளங்காளை, இப்போதுதான் இரண்டு பல் போட்டிருக்கும். அடுத்த மாட்டுவண்டிச் சவாரிப் போட்டிக்குள் வண்டியில் பூட்டிவிட வேண்டும் என்று வீட்டில் யாரோ நெருக்குகிறார்கள். நீங்களும் துவரந்தடியோடு நிற்கிறீர்கள். சரிதானே? தடியைக் கூரையில் செருகிவிட்டு இதை வாசியுங்கள்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளைப் பக்கம். 2008 கடைசியில் இடம்பெயர்ந்தபோது பட்டியைத் திறந்துவிட்டுத்தான் போனோம். மீளக்குடியேறி வந்தபோது காடெல்லாம் கட்டாக்காலி மாடுகள். பெரியப்பா குறிசுட்ட அடையாளத்தைப் பார்த்துப் பார்த்து எங்கள் பசு ஒன்றைக் கண்டுபிடித்தார். அதன் பின்னால் ஒரு செவலை நாம்பன் கன்று நின்றது. காட்டில் பிறந்தது, மனிதக் கை படாதது. நான் பழக்கியது அந்தச் செவலையை.

மூக்குக் குத்தி நாணயக்கயிறு போட்ட பிறகும் அதன் கிட்டப் போக முடியாது. பெரியப்பா என்னிடம் ஒரு கடகத்தில் உழுத்தங்கோதும் எள்ளுப் பிண்ணாக்கும் தந்து, பக்கத்தில் போய்க் குந்தியிருக்கச் சொன்னார். தொடக்கூடாது, பேசலாம். செவலை தின்னும், ஆனால் ஒரு காது என் பக்கமே திரும்பி நிற்கும். அந்தக் காது தளர்ந்து தன்பாட்டில் ஈ விரட்டத் தொடங்கிய பிறகுதான் தோளில் கை வைத்தேன். கை பட்ட இடத்தில் தோல் சிலிர்த்து அலை மாதிரி ஓடியது. எப்போதும் தோள் பக்கமாகத்தான் போக வேண்டும். மாட்டுக்கு நேர் பின்னால் நிற்பது தெரியாது, அதனால்தான் உதைக்கிறது.

கயிற்றில் நடத்தும்போது பெரியப்பா ஓயாமல் சொன்னது இதுதான்: "கயிறை இளக்கு தம்பி. அவன் யோசிக்கட்டும்." ஒரு அடி வைத்தால் அந்தக் கணமே இளக்க வேண்டும். அடி வைத்த பிறகும் இழுத்தால், நடந்தாலும் வலிக்கும், நின்றாலும் வலிக்கும் என்றுதான் மாடு படிக்கும்.

பிறகு நுகம். கிழட்டுக் கறுவல் ஒன்று வலத்தனாக நின்றது, செவலையை இடத்தனாகப் பூட்டினோம். வயல்வெளிக்குப் போனதும் உங்களுடையது போலவே படுத்துவிட்டது. பார்த்துக்கொண்டு நின்றவர்கள் வாலை முறுக்கச் சொன்னார்கள், ஒருவர் கடிக்கவே சொன்னார். பெரியப்பா வரம்பில் இருந்து வெற்றிலை போட்டார். கறுவல் அசைபோட்டுக்கொண்டு நின்றது. வெயில் சாய்ந்த பிறகு செவலை தானாக எழும்பியது. அவிழ்க்க ஓடினேன், தடுத்துவிட்டார். நாலு எட்டு நடக்கவிட்டுத்தான் அவிழ்த்தார். படுத்திருக்கும்போது அவிழ்த்தால் படுத்தால் விடுதலை என்று பழகிவிடும். நடந்துகொண்டிருக்கும்போது, களைக்க முதல் அவிழ்த்தால் அடுத்த நாள் நுகத்துக்குத் தானே வந்து கழுத்துக் கொடுக்கும். எனக்குப் பொறுமை வந்தது அந்த வரம்பில்தான். நேரத்தைப் பார்க்காமல் மாட்டைப் பார்க்கப் பழகினால் உங்களுக்கும் வரும்.

இதை வாசித்துவிட்டு, சவாரியே மிருகவதை என்று எழுதச் சிலர் வருவார்கள். ஆணி வைத்த தடியால் குத்துபவர்களை நானும் வெறுக்கிறேன். 1907ஆம் ஆண்டுச் சட்டமே இதற்கு இருக்கிறது, பிடித்துக் கொடுங்கள். அடிக்காமல் பழக்கிய மாடும் ஓடும். எங்கள் செவலை ஓடியது.

மாட்டின் மேல் அக்கறை இருப்பவர்கள் மேய்ச்சல் தரை பற்றியும் ஒரு வரி எழுதலாமே. காலபோகம், அதாவது மாரிக்கால நெல், விதைத்தால் பட்டியை எங்கே கொண்டுபோவது? எங்கள் ஐயா காலத்தில் மாடு நின்ற வெளியில் இன்று எல்லைக்கல் நிற்கிறது. தாண்டினால் வழக்கு. 2022 மார்கழிக் குளிரில் வன்னியில் எத்தனை பட்டிகள் வெறும் வெளியில் மழையிலும் காற்றிலும் விறைத்துச் செத்தன! அந்தக் கிழமை அங்கே போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒதுங்க ஒரு மரச்சோலை இருந்திருந்தால் கொஞ்சமாவது தப்பியிருக்கும். சவாரிக்காரனைத் திட்டுவது சுலபம்.

சரி, உங்கள் நாம்பனுக்கு வருவோம். எந்தப் பக்கம் பூட்டினீர்கள், சோடி மாடு பழகியதா, புதியதா என்று எழுதவில்லையே. இரண்டும் புதியது என்றால் உடனே நிறுத்துங்கள், ஊரில் ஒரு கிழட்டு மாட்டை இரவல் கேளுங்கள். பக்கத்தையும் ஒரு தடவை மாற்றிப் பாருங்கள். சில மாடு இடத்தனாக நிற்கவே நிற்காது.