மூக்கைத் திறக்க வாங்கிய போத்தல்

கேள்வி: டொக்டர் ஐயா, எனக்கு வயது 34. வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்றில் இருக்கிறோம். 100 ஆம் இலக்க பஸ்ஸில் கோட்டைக்கு வேலைக்குப் போய் வருகிறேன். மூன்று வாரத்துக்கு முன் தடிமன் பிடித்தது. ஐந்தாம் நாள் சளி பச்சையாகிக் கன்னமெல்லாம் பாரமாக வலித்தது. பாமசியில் கேட்டு மூன்று நாளுக்கு அன்ரிபயோட்டிக் குளிசை வாங்கிப் போட்டேன். வலி போய்விட்டது, ஆனால் மூக்கு திறக்கவில்லை. சொட்டு மருந்து விட்டால் உடனே திறக்கிறது; இரவில் மூன்று தரம் எழும்பி விடுகிறேன். கருவாடு பொரித்தாலும் மணம் தெரியவில்லை. மாமி தலைக்குக் குளிக்க விடுகிறார் இல்லை. எக்ஸ்ரே எடுக்கவா? வேறு அன்ரிபயோட்டிக் வேண்டுமா?
- இரண்டு பிள்ளைகளின் தாய், கொழும்பு 6

பதில்: பிள்ளை, உங்கள் பீனிசம், அதாவது மூக்கைச் சுற்றியுள்ள காற்றறைகளின் அழற்சி (சைனஸ்), பெரும்பாலும் மாறிவிட்டது என்றே நினைக்கிறேன். இப்போது மூக்கை அடைத்துக்கொண்டிருப்பது அதைத் திறக்க நீங்கள் வாங்கிய போத்தல்தான்.

ஒக்சிமெற்றசோலின், சைலோமெற்றசோலின் என்று போத்தலில் எழுதியிருக்கும். மூக்கின் உட்சதையில் உள்ள இரத்தக் குழாய்களைச் சுருக்குவது அதன் வேலை. மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள் விடலாம். அதற்கு மேல் போனால், மருந்தின் பிடி விட்டதும் குழாய்கள் முன்னையைவிட அதிகமாக வீங்கும். மறுபடி சொட்டு, மறுபடி வீக்கம். உங்களைக் கண்டிக்க எனக்குத் தகுதி இல்லை. பயிற்சி டொக்டராக இருந்த காலத்தில் இதே சொட்டை இரண்டு மாதம் விட்டவன் நான். தலையணைக்குக் கீழே ஒரு போத்தல், வெள்ளைக் கோட்டுப் பையில் ஒரு போத்தல். வார்டில் குனியும்போது கோட்டுப் போத்தல் விழுந்து, பெரிய டொக்டரின் சப்பாத்தில் போய் முட்டியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. எடுத்துக் குப்பையில் போட்டார்.

ஒரேயடியாக நிறுத்தினால் சில இரவுகள் மூச்சு முட்டும். ஆகவே முதலில் ஒரு துவாரத்துக்கு மட்டும் நிறுத்துங்கள். அது தானாகத் திறந்ததும் மற்றதற்கும் நிறுத்துங்கள். இரண்டு தலையணை வைத்துப் படுங்கள். குடும்ப டொக்டரிடம் காட்டி, ஸ்டீரோயிட் மூக்கு ஸ்பிறே பொருந்துமா என்று கேளுங்கள். அது உடனே திறக்காது, ஒரு வாரம் இரண்டு வாரம் பிடிக்கும். நடுச்சுவரை நோக்கி அடிக்காமல், வலக்கையால் இடத் துவாரத்துக்கும் இடக்கையால் வலத் துவாரத்துக்கும், காதுப் பக்கமாகச் சரித்து அடிக்க வேண்டும்.

கூடவே உப்புத் தண்ணீரால் கழுவுங்கள். அரை லீற்றர் தண்ணீருக்கு மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்பு. குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்குக்குள் விடக் கூடாது. பானையில் ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதிக்க விட்டு, ஆறிய பிறகு பாவியுங்கள். அரிதாக, மூளைக்குப் போகும் அமீபாக் கிருமி இந்த வழியால்தான் நுழைகிறது. ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, தொட்டிக்கு மேலே குனிந்து, வாயைத் திறந்தபடி மெதுவாகப் பாய்ச்சுங்கள். முதல் நாள் கண்ணீர் வரும்.

அன்ரிபயோட்டிக் இனி வேண்டாம். சளி பச்சையானதும் எல்லோரும் பாமசிக்கு ஓடுகிறார்கள். அந்தப் பச்சை நம் வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு நொதியின் நிறம். வைரஸ் தடிமனிலும் வரும். தடிமனால் வரும் பீனிசத்தில் பெரும்பங்கு வைரஸால் வருவதே. பத்து நாள் கடந்தும் குறையாவிட்டால், குறைந்து வந்தது திடீரென்று கூடினால், அல்லது கடுங்காய்ச்சலோடு சீழும் முகவலியும் மூன்று நான்கு நாள் நீடித்தால்தான் பக்ரீரியாவை நினைக்க வேண்டும். ஐந்தாம் நாளில் சீட்டில்லாமல் குளிசை தந்தவரைப் பற்றி நான் எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

எக்ஸ்ரேக்குக் காசு செலவழிக்க வேண்டாம். சாதாரணத் தடிமனிலும் அதில் மங்கல் தெரியும். பன்னிரண்டு வாரம் கடந்தும் அடைப்பு நின்றால் காது மூக்கு தொண்டை நிபுணரிடம் போங்கள். ஸ்கான் வேண்டுமா என்று அவர் சொல்வார். ஒரு பக்கம் மட்டும் நாற்றமான சளி வந்தால் முதலில் பல் டொக்டர். மேல் கடைவாய்ப்பல்லின் வேர் கன்னக் காற்றறைக்கு அருகிலேயே இருக்கிறது.

கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரட்டிப்பு, கழுத்து விறைப்பு, தாங்க முடியாத தலைவலி என்றால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இன்னொன்று, நாம் இருப்பது கொழும்பில். காய்ச்சலோடு கண்ணின் பின்புறம் வலித்தால் பீனிசம் என்று இருந்துவிடாதீர்கள், டெங்குவாக இருக்கலாம். இரத்தப் பரிசோதனை செய்யும்வரை பனடோல் மட்டும். இபுபுரோபனோ அஸ்பிரினோ தொடக் கூடாது.

இனி மாமி. மூன்று வாரம் தலைக்குக் குளிக்காமல் இந்தப் புழுக்கத்தில் பஸ் ஏறுவது உங்களுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவருக்கும் தண்டனை. இளஞ்சூட்டுத் தண்ணீரில் குளித்துத் தலையைத் துவட்டுங்கள், அதனால் பீனிசம் அதிகரிக்காது. மாமி கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துத் தந்தால் மறுக்காமல் குடியுங்கள், தொண்டைக்கு இதம். வேது பிடிப்பதென்றால் பிள்ளைகள் நித்திரையான பிறகு பிடியுங்கள். கொதிபானை தட்டுப்பட்டு வெந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மணம் கடைசியாகத்தான் திரும்பும். அதுவரை கருவாடு கருகுகிறதா என்று மாமியைப் பார்க்கச் சொல்லுங்கள்.